‘சங்கப் பணத்தைச் சுருட்டிவிட்டார்’ என்று பொய்ப் பழி: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளர் நான். தணிக்கையில் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ஓர் உறுப்பினர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், ‘பராமரிப்புப் பணத்தைச் சுருட்டிவிட்டார்’ என்று என் பெயரைப் போட்டு எழுதினார். போனில் என்னைத் திருடன் என்று திட்டினார். சங்கப் பதிவாளருக்கும் மனு கொடுத்திருக்கிறார். எட்டு மாதம் ஆகிறது. காவல் நிலையத்தில், ‘கோர்ட்டுக்குப் போங்க’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மூன்றும் ஒன்றல்ல. போனில் உங்களிடம் மட்டும் சொன்னது எவ்வளவு கேவலமான வார்த்தையானாலும் அவதூறு ஆகாது. மூன்றாவது ஆள் ஒருவர் அதைக் கேட்டோ படித்தோ இருக்க வேண்டும். பதிவாளரிடம் கொடுத்த மனுவையும் வழக்கில் இழுக்காதீர்கள். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. கெட்ட எண்ணத்தை நிரூபிக்கப் போய் முக்கியமான விஷயம் நீர்த்துப்போகும்.

உங்கள் பலம் வாட்ஸ்அப் செய்திதான். ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டிருந்தால் அது உறுப்பினரின் உரிமை. ‘சுருட்டிவிட்டார்’ என்பதோ நேரடிக் குற்றச்சாட்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356-வது பிரிவில் இது வரும். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமூக சேவை தண்டனையாகலாம். உண்மையைத்தான் சொன்னேன் என்று அவர் தப்பப் பார்த்தால், குற்ற வழக்கில் அது மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் அவர் காட்ட வேண்டும்.

காவல் நிலையத்தில் சொன்னது சரிதான். இதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்ட நீங்களே நீதித்துறை நடுவர் முன் தனிநபர் புகார் தர வேண்டும். எடுத்த எடுப்பில் எதிராளிக்குச் சம்மன் போய்விடாது. உங்களையும் சாட்சிகளையும் நடுவர் விசாரிப்பார். எதிராளி தரப்பையும் கேட்ட பிறகே வழக்கைக் கோப்பில் எடுப்பார். இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கோ, செய்தி வெளியான நாளிலிருந்து ஒரே ஆண்டுதான். உங்களுக்கு மீதி நான்கு மாதம். வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை என்றாலும், 15 நாள் கெடு வைத்து, குழுவிலேயே மறுப்பும் மன்னிப்பும் போடச் சொல்லி அனுப்புங்கள். பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். பதில் வரும் என்று காத்திருந்தே காலக்கெடுவைக் கோட்டை விட்டவர்களும் உண்டு. கோபத்தில் கோடி ரூபாய் கேட்காதீர்கள். கேட்கும் தொகை ஏற ஏற கோர்ட் கட்டணமும் ஏறும்.

பெரும்பாலான வழக்குகள் சாட்சியத்தில்தான் சறுக்குகின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவரின் எண், தேதி, நேரம், குழுவின் பெயர், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். ‘சுருட்டிவிட்டார்’ என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

செய்தியைப் படித்த இரண்டு பேராவது சாட்சிக்கூண்டு ஏறச் சம்மதிக்கிறார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குவது சகஜம். தணிக்கை அறிக்கையின் சான்றிட்ட நகலையும் வாங்கி வையுங்கள்.