பிடுங்காதீர்கள், மாற்றிக்கொடுங்கள்

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டுக்கு ஒரு சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வந்திருக்கிறது. பிறந்து நாலு மாதம் ஆகிறது. வாசலில் ஒரு செருப்பு மிஞ்சவில்லை. நாற்காலிக் கால், மிதியடி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் பை எல்லாம் போயிற்று. நேற்று சார்ஜர் ஒயரைக் கடித்துவிட்டது. நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமனார். பக்கத்து வீட்டில் மிளகாய்ப்பொடி தடவச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன பொம்மை வாங்கலாம்? ஆட்டெலும்பு கொடுக்கலாமா?

ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஒயர். இன்றைக்கே எல்லா ஒயரையும் குட்டிக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். பிளக்கில் இருக்கும் ஒயரைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இனி, குட்டி தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது அதன் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்வரிசையில் ஊசி ஊசியாக இருந்த பால்பற்களுக்கு நடுவே அகலமான புதுப்பல் ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கும். ஈறு சிவந்திருக்கும். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்று, நாலு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழாம் மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும். எதையாவது கடித்தால்தான் அதற்கு இதம். அந்த ஈறை மாமனாருக்கும் காட்டுங்கள். பார்த்த பிறகு அடிக்கச் சொல்ல அவருக்கும் மனசு வராது. அடி வாங்கிய குட்டி கடிப்பதை விடாது, ஆளில்லாத நேரம் பார்த்துக் கட்டிலுக்கடியில் போய்க் கடிக்கும். மிளகாய்ப்பொடி வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் துடித்துப்போகும்.

எலும்பு பற்றிக் கேட்டீர்கள். குழம்பில் வெந்த எலும்பைக் கொடுக்காதீர்கள். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். மாங்கொட்டையும் கொடுக்காதீர்கள், குடலை அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு கன்னி இனக் குட்டி இருந்தது. ஒரு சித்திரையில், பிள்ளைகள் சப்பிப் போட்ட கொட்டையை அது கவ்வியதைப் பார்த்துவிட்டு, கடித்து விளையாடட்டும் என்று நான்தான் விட்டேன். மறுநாள் முழுக்க வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். டாக்டர் தட்டில் போட்டுக் காட்டிய அந்தக் கொட்டை, நார் கறுத்து, என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. குட்டி பிழைத்துக்கொண்டது. தேங்காய் நார், சோளக்கருதின் நடுக்கட்டை எல்லாமே இதேபோல் குடலை அடைப்பவை.

கொடுக்க வேண்டியது ரப்பர். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் பாகம் ஒன்று கிடைத்ததும் அதை விடவே இல்லை. நடுவில் குழி வைத்த ‘காங்’ பொம்மை அப்படித்தான் பிறந்தது. எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் குட்டிகளுக்கான மென்மையான வகையைக் கேளுங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றுப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பல் உடையும். முழுசாக வாய்க்குள் போகாத அளவில் இருக்கட்டும். குழிக்குள் உப்பில்லாத தயிர்சாதமோ மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். அந்தக் குளிர்ச்சி ஈறுக்கு அவ்வளவு சுகம். செலவில்லாமல் வேண்டுமானால் பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டு உறையவைக்கலாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், நூல் பிரிந்ததும் எடுத்துவிடுங்கள். பழைய செருப்பை மட்டும் பொம்மையாக்க வேண்டாம். பழையது எது புதியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

செருப்போடு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. பிடுங்கவும் வேண்டாம், பிடுங்கப் பிடுங்க வாயில் உள்ளதை அவசரமாக விழுங்கப் பழகிவிடும். வேகவைத்த கோழிக்கறியைக் கொண்டைக்கடலை அளவு கிள்ளி மூக்கருகில் காட்டுங்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் “விடு” என்று சொல்லி, கறியைக் கொடுத்து, கையோடு ரப்பர் பொம்மையையும் கொடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் அந்தச் சொல்லுக்கே வாயைத் திறக்கும். இப்படிக் கொடுக்கும் தீனி ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. சிப்பிப்பாறை ஓடப் பிறந்த நாய், கட்டியே போட்டால் கயிற்றையும் கடிக்கும். காலையும் மாலையும் ஓட விடுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா? மூன்று மாதத்திலேயே போட வேண்டியது. விளையாட்டில் மகள் கையில் பல் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பொம்மையில் துளி ரத்தம் இருந்தால் பயப்படாதீர்கள், பல் விழுந்திருக்கும். பெரும்பாலும் விழுங்கிவிடும். தரையில் ஒன்று கிடைத்தால் மகளிடம் கொடுங்கள். அவளுக்கும் பல் விழுகிற வயசுதானே.