அறிவியல் கேள்வி – பதில்

கேள்வி: கடற்காற்றுப் படும் எங்கள் கூரைத் தகடுகளில் நாகப் பூச்சு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை ஒளிர்வு மின்னிறக்க விளக்கால் அளக்கலாம் என்று படித்தேன். ஒளி மங்கலாக இருந்தால் மின்னோட்டத்தைக் கூட்டினால் போதாதா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: போதாது, பல வேளைகளில் அது முடிவையே கெடுத்துவிடும். வேர்னர் கிறிம் என்னும் ஆய்வாளர் 1968இல் விவரித்த இவ்வகை விளக்கில், ஆய்வுக்குரிய தகடே கதோட்டாகிறது. அதற்கு ஒரு மில்லிமீற்றரிலும் மிகக் குறைந்த இடைவெளியில் குழாய் வடிவ அனோட்டு நிற்கும். சில நூறு பஸ்கால் அமுக்கத்திலுள்ள ஆகன் வாயுவில் மின்னிறக்கம் நிகழும்போது, ஆகன் அயன்கள் தகட்டில் மோதி, நிமிடத்துக்குச் சில மைக்கிரோமீற்றர் அளவில் அணுக்களைப் பெயர்த்தெடுக்கின்றன. பெயர்ந்த அணுக்கள் பிளாஸ்மா எனப்படும் அயனாகிய வாயுவுக்குள் சென்று, இலத்திரன்கள் மோதுவதால் அருட்டப்பட்டு (சக்தி ஏற்றப்பட்டு), தத்தமக்குரிய அலைநீளங்களில் ஒளிவிடுகின்றன; இப்படி ஒவ்வோர் அலைநீளத்திலும் வரும் ஒளியைக் ‘கோடு’ என்பர். தகட்டில் குழி ஆழமாக ஆக, நாகக் கோட்டின் ஒளி எப்போது குறைகிறது என்று வரைபடத்தில் பார்த்துப் பூச்சின் தடிப்பை அறியலாம்.

பெயர்த்தெடுப்பதும் அருட்டுவதும் ஒரே மின்னோட்டத்தின் வேலையாக இருப்பதுதான் சிக்கல். மின்னோட்டத்தைக் கூட்டினால் அருட்டப்படாத நாக அணுக்களும் பெருகி, 213.86 நானோமீற்றர் கோட்டின் ஒளியைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் பூச்சு ஆய்வுக்கு, அவ்வாறு எளிதில் உறிஞ்சப்படாத 481.05 நானோமீற்றர் கோடு ஏற்றது. நாகம் 419 பாகை செல்சியசிலேயே உருகுவதால், மெல்லிய தகடு சூடேறி, குழியின் அடித்தளம் சமனிழந்துவிடும். அப்போது நாகம் முடிந்து உருக்குத் தொடங்கும் எல்லை வரைபடத்தில் கூர்மையாகத் தெரியாமல் சரிந்து தோன்றும்.

எனவே அருட்டலுக்கு மட்டும் தனியே சக்தி ஊட்டும் வழிகளை ஆய்வாளர் நாடினர். நுண்ணலையை விளக்கினுள் செலுத்துவது ஒன்று. காந்தப்புலத்தால் இலத்திரன்களை நெடுநேரம் தடுத்து வைப்பது இன்னொன்று. என் மதிப்பில் மிகப் பயனுள்ளது துடிப்பு மின்னிறக்கம்: குறுகிய துடிப்புகளில் உயர் வலுவைக் கொடுத்து இடையே ஓய்வு விடுவதால், கணநேர ஒளி கூடும், சராசரி வெப்பமோ குறைவாகவே இருக்கும்.

ஆயினும் திருகோணமலை போன்ற ஈரக்காற்றுள்ள கரையோர ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது ஈரப்பதன். தகட்டின் துருவிலும் வெண்படிவிலும் ஒட்டியிருக்கும் நீர் பிளாஸ்மாவில் சிதைந்து ஐதரசனைத் தரும். சிறிதளவு ஐதரசன்கூடச் சில கோடுகளை வலுவாக்கி, வேறு சிலவற்றை மங்கச் செய்யும். புதிய சாதனம் வாங்குவதற்கு முன், விளக்கைத் தகட்டோடு காற்றுப் புகாமல் மூடும் இறப்பர் வளையம் படியும் இடத்தில் தகடு மழமழப்பாக இருக்கிறதா, அங்கே காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். தகட்டை நன்கு உலர்த்தி, சுத்தமான உருக்குத் துண்டொன்றில் விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்ட பின்னரே அளவிடுங்கள்.

கேள்வி: வண்ணம் பூசிய தகட்டுக்கும் இது பொருந்துமா?
– அதே வாசகி

பதில்: நேர்மின்னோட்டத்தில் இயங்கும் விளக்குக்குப் பொருந்தாது, வண்ணப்பூச்சு மின்னைக் கடத்தாது. 13.56 மெகாஹேட்ஸ் வானொலி மீடிறனில் இயங்கும் விளக்கானால் வண்ணத்தையும் நாகத்தையும் ஒரே ஓட்டத்தில் ஊடுருவிக் காட்டும்.