குளிரில் நத்தை பார்சல்: கேள்வி-பதில்

கேள்வி: மீன்தொட்டிக்கு ஆப்பிள் நத்தைகள் வரவழைத்தேன். பை நிறையத் தண்ணீர் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். எல்லாமே செத்திருந்தன. தண்ணீரில் வாழ்வதைத் தண்ணீரில்தானே அனுப்ப வேண்டும்?

பதில்: தேவையில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிள் நத்தைக்கு ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ள ஒரு மூடி உண்டு. ஈரம் காயாமல் இருந்தால் சில நாட்கள் வெளியே தாங்கும். நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, பையில் காற்று விட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கலாம். பையில் தண்ணீர் இருந்தால் நத்தையின் கழிவும் அதிலேயே கரையும். ஒன்று செத்தால் மற்றவற்றையும் கெடுக்கும். அனுப்பும் செலவையும் சேர்த்தே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: கையைச் சூடாக்கும் பேக் மலிவாகக் கிடைக்கிறது. பார்சலுக்குள் அதைப் போடலாமா?

பதில்: வேண்டாம். அது சட்டென்று கொதித்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பார்சலுக்கென்றே 40 மணி, 72 மணி நேரம் மெதுவாகச் சூடு தரும் பேக் இருக்கிறது. இரண்டிலும் உள்ளே இருப்பது இரும்புத்தூள்தான்; காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போது சூடு வரும். அதனால் பெட்டியில் சிறு துளைகள் வேண்டும். இல்லாவிட்டால் பேக்கும் அணையும், நத்தைக்கும் மூச்சு முட்டும். பேக்கைக் காகிதத்தில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், நத்தை மேல் படக்கூடாது. வாங்கும்போது தேதியையும் பாருங்கள். எனக்கு வந்த பேக்குகளில் பாதி, உறையைப் பிரிக்கும்போதே கல்லாக இறுகியிருந்தன. பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றது கடை. பிரிக்காமல் எப்படித் தெரியுமாம்?

கேள்வி: செலவு குறையட்டும் என்று நான்தான் சாதாரணத் தபாலில் அனுப்பச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கிளம்பிய பார்சல் வார விடுமுறை முழுக்கக் கிடங்கில் கிடந்து உறைந்துவிட்டது. பணம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். கிடைக்காது.

கேள்வி: ‘உயிரோடு வந்து சேரும், உத்தரவாதம்’ என்று போட்டிருந்த கடையில் வாங்கினேன். செத்துத்தான் வந்தது. வெளியே கடுங்குளிர் என்பதால் உத்தரவாதம் செல்லாதாம்.

பதில்: இந்த உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய எழுத்தில் வாக்குறுதி, பொடி எழுத்தில் விலக்கு. குளிர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கிடையாது. ஹீட் பேக்குக்குத் தனியாகப் பணம் கட்டாவிட்டால் கிடையாது. முதல் தடவை வரும்போதே நீங்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் கிடையாது. எல்லாம் சரியாக இருந்தாலும் நத்தையின் விலை மட்டும்தான் வரும். அதைவிடக் கூடுதலாக நீங்கள் கட்டிய அனுப்பும் செலவு போனது போனதுதான். வெயில் காலத்துக்கு எதற்கய்யா இந்த உத்தரவாதம்? குளிர் என்று தெரிந்தால், ‘இந்த வாரம் அனுப்ப மாட்டோம், பொறுங்கள்’ என்று சொல்வதுதான் ஒழுங்கான வியாபாரம். அப்படிச் சொல்லும் கடைக்காரரை விடாதீர்கள். உங்கள் விஷயத்தில், ஆர்டர் எடுத்த நாளில் அந்த நிபந்தனையைக் காட்டினார்களா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு நண்பருக்கு ஆப்பிரிக்க ராட்சத நத்தை அனுப்ப வேண்டும். சுங்கப் படிவத்தில் ‘பொம்மை’ என்று எழுதினால் போய்விடும் என்கிறார்.

பதில்: எழுதாதீர்கள். சர்வதேசத் தபாலில் உயிருள்ளவை பொதுவாகத் தடை. தேனீ, அட்டை, பட்டுப்புழு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. நத்தை அதில் இல்லை. அமெரிக்காவில் இந்த நத்தையை அனுமதியில்லாமல் வளர்ப்பதே குற்றம். மாட்டப்போவது உங்கள் நண்பரும்தான்.

கேள்வி: வந்த நத்தை அசையவே இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். குளிரில் சுருண்டு கிடக்கும். சுடுநீரில் போடாமல், அறைச் சூட்டுக்கு மெதுவாகக் கொண்டுவந்து ஒரு நாள் விடுங்கள். தண்ணீரில் மிதந்தாலும் செத்ததாக அர்த்தமில்லை. அழுகல் நாற்றம் குடலைப் பிடுங்கினால்தான் முடிந்தது. ஆனால் பையைப் பிரிக்கும் முன் படம் எடுத்து, வந்த நேரத்தோடு விற்றவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள். சில கடைகள் 2 மணி நேரத்துக்கு மேல் புகாரே வாங்குவதில்லை.