பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம்?

கடலூர் சிப்காட்ல சேர்ந்து ஆறு மாசம்; மெயில்ல பேருக்குப் பின்னாடி பி.இ., எம்.பி.ஏ., பி.ஓ.இ. மூணும் போட்டேன், மேனேஜர் சிரிச்சிட்டார்னு எழுதியிருக்கீங்க. பி.ஓ.இ.யை மட்டும் வையுங்க தம்பி. பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர்னு, பெரிய பாய்லரைப் பொறுப்பேற்று ஓட்ட சட்டம் கேக்கிற சான்றிதழ் அது. பாய்லர் ஆய்வாளருக்குப் போற மெயில்ல அதுக்கு வேலை இருக்கு. டிப்ளமாவோ டிகிரியோ இல்லாம அந்தத் தேர்வே எழுத முடியாது, அதனால பி.இ. தனியா வேண்டாம். எம்.பி.ஏ. பயோடேட்டாவுக்குப் போதும்.

நானும் புதுசுல நாலு வரிக்குப் பட்டம் போட்டவன்தான். நைட் ஷிஃப்ட்ல அவசரத்துக்கு என் செல் நம்பரைத் தேடின ஃபிட்டர் திட்டினது இன்னும் காதுல இருக்கு. பேரு, பதவி, அடுத்த வரியிலயே நம்பர்.

கல்யாணப் பத்திரிகையில மூணையும் போட்டுக்கோங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க.