டைட்டானியமும் நானோ கூலன்ட்டும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நானோ கூலன்ட் (நுண்துகள் கலந்த வெட்டுத் திரவம்) பற்றித்தான். வெட்டு வேகம் என்ன, கூலன்ட் எத்தனை சதவீதம், எந்தத் தண்ணீர் என்ற மூன்றையும் எழுதாமல் "டூல் சீக்கிரம் போகுது, என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கிரேடு 5 டைட்டானியம் டர்னிங் (கடைசல்). அலுமினா, மாலிப்டினம் டைசல்பைடு, கிராஃபீன், இதில் எது நல்லது? (ஓசூர்)

டைட்டானியத்துக்கு அடுக்கடுக்காக வழுக்கும் துகள்தான் வேண்டும். மாலிப்டினம் டைசல்பைடு, கிராஃபீன், அறுகோண போரான் நைட்ரைடு மூன்றும் அந்த வகை. சிப்புக்கும் (சீவல்) இன்சர்ட்டுக்கும் (மாற்றிப் போடும் வெட்டு அலகு) நடுவில் படலமாகப் படிந்து ஒட்டுதலைக் குறைக்கும். அலுமினா கடினமான துகள். பம்ப் சீலைத் தேய்க்கும். கிராஃபீன் போட்டால் சம்ப் (கூலன்ட் தொட்டி) கறுத்துவிடும், ஆபரேட்டருக்கு வெட்டுமுனை தெரியாது. என் தேர்வு போரான் நைட்ரைடு. வெள்ளை, சூடும் தாங்கும்.

எவ்வளவு கலக்கலாம்? (அம்பத்தூர்)

எடையில் அரை சதவீதம் போதும். ஒன்றைத் தாண்டாதீர்கள், கட்டி கட்டும், நாசில் அடைக்கும்.

ஆன்லைனில் நானோ பவுடர் வாங்கி 200 லிட்டர் சம்ப்பில் கொட்டிக் கலக்கினோம். இரண்டே நாளில் அடியில் சேறு. பவுடர் போலியா? (கோவை)

பவுடர்மேல் பழி போடாதீர்கள். உலர்ந்த நானோ பவுடர் டப்பாவுக்குள்ளேயே கட்டி கட்டித்தான் வரும். குச்சியாலோ பம்ப் சுழற்சியாலோ அந்தக் கட்டி உடையாது. கொஞ்சம் நீரில் சர்ஃபாக்டன்ட் (துகள் ஒட்டாமல் பிரிந்து நிற்க உதவும் ரசாயனம்) சேர்த்து, புரோப் சோனிகேட்டரில் (மீயொலியால் கட்டியை உடைக்கும் கருவி) அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக் கரைசலாக்கி, அதன் பிறகே சம்ப்புக்குக் கொண்டு போக வேண்டும். துகள்களின் விலக்கத்தைக் காட்டும் ஜீட்டா பொட்டென்ஷியல், கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல், முப்பது மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் கரைசல் நிற்காது.

அடுத்து தண்ணீர். உங்கள் கடிதத்தில் "போர் தண்ணீர்" என்று ஒரு வார்த்தை வருகிறது. அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி மிதப்பது அவற்றின் மேலுள்ள மின்னூட்டத்தால். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த விலக்கத்தை அடக்கிவிடும், துகள்கள் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று வீட்டில் சிறுவாணித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். பல லட்சம் ரூபாய் மெஷினுக்கு மட்டும் போர் தண்ணீரையே ஊற்றுகிறோம். இதை எத்தனை பட்டறையில் சொல்லிவிட்டேன்! சம்ப்பில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். தினமும் அதே தண்ணீரை டாப்-அப் செய்தால் ஒரு மாதத்தில் கடினத்தன்மை எங்கேயோ ஏறிப் போயிருக்கும். ஆர்.ஓ. அல்லது டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீர் பிடியுங்கள்.

இன்னொன்று, கூலன்ட் செறிவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். அதில் காட்டும் பிரிக்ஸ் எண்ணையே சதவீதம் என்று எழுதி வைக்கிறார்கள். கூலன்ட் கம்பெனி கொடுத்த ஃபேக்டரால் பெருக்க வேண்டும். ரீடிங் 5, ஃபேக்டர் 1.6 என்றால் 8 சதவீதம். டைட்டானியத்துக்கு 8 முதல் 10 வரை வைக்கலாம். பி.எச். 8.5-க்கும் 9.5-க்கும் நடுவில் இருக்கட்டும்.

டைட்டானியம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சாதாரண ஸ்டீலில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் வெட்டும் சூட்டில் சுமார் 80 சதவீதம் டூலுக்குள்ளேயே இறங்கும். அடிப்படைக் கூலன்ட் சரியில்லாத இடத்தில் நானோ போட்டு எதையும் காப்பாற்ற முடியாது. சம்ப்பைக் காலி செய்து, கழுவி, நல்ல தண்ணீரில் சரியான செறிவோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். பவுடர் கலப்பதை அப்புறம் பார்க்கலாம்.

சப்ளையர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டி, டூல் ஆயுள் இரட்டிப்பாகும் என்கிறார். நம்பலாமா? (திருச்சி)

எதோடு ஒப்பிட்டு இரட்டிப்பு? அதைக் கேளுங்கள். உலர் வெட்டோடு ஒப்பிட்டால் எந்தக் கூலன்ட்டும் ஜெயிக்கும். உங்கள் மெஷினில், அதே இன்சர்ட்டில், நானோ இல்லாத 8 சதவீத எமல்ஷனோடு (எண்ணெய்-நீர்க் கூலன்ட்) பக்கத்துப் பக்கம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சாம்பிளை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நானோ போட்டதும் வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு 60 மீட்டரிலிருந்து 100-க்கு ஏற்றலாமா? (சென்னை)

கார்பைடு இன்சர்ட்டில் கூடாது.

எம்.க்யூ.எல். (மிகக் குறைந்த அளவில் தெளிக்கும்) முறையில் நானோ திரவத்தைத் தெளிக்கிறோம். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதுமா? (கோவை)

போதவே போதாது. சம்ப்பில் கிடக்கும் வரை துகள் நனைந்து கிடக்கும். மிஸ்ட் (பனிபோன்ற தூவல்) ஆக்கினால் நேரே நுரையீரலுக்குப் போகும். டைட்டானியம் டையாக்சைடையும் ஒரு வகை கார்பன் நானோ குழாயையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. மெஷினுக்குக் கதவு, மிஸ்ட் கலெக்டர், ஆபரேட்டருக்கு குறைந்தது என்-95. இவை இல்லையென்றால் கூலன்ட்டைத் தாராளமாக ஊற்றும் ஃப்ளட் முறையிலேயே ஓட்டுங்கள்.

குளோரின் ஈ.பி. ஆயில் (அதிக அழுத்தம் தாங்கும் எண்ணெய்) மீதம் இருக்கிறது, டேப்பிங்குக்குப் (துளைக்குள் மரை வெட்ட) பயன்படுத்தலாமா? (ஓசூர்)

விமான பாகம் என்றால் தொடவே தொடாதீர்கள். குளோரின் எச்சம் மேலே தங்கி, பிறகு அந்தப் பாகம் சூடானால் விரிசல் விடலாம். டிராயிங்கிலேயே தடை இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

தண்ணீர்க் கூலன்ட்தானே, தீப்பிடிக்கும் பயம் இல்லைதானே? (திருச்சி)

இருக்கிறது. மெல்லிய டைட்டானியம் சிப் பிடித்துக்கொள்ளும். எரியும் டைட்டானியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். டி வகை (உலோகத் தீக்கான) தீயணைப்புப் பவுடரோ, காய்ந்த மணலோ மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை சிப்பை அள்ளிவிடுங்கள். மழுங்கிய இன்சர்ட்டை ஓட்டாதீர்கள்.

நானோ கூலன்ட்டுக்கு மேக்னெட்டிக் செப்பரேட்டர் போடலாமா? (அம்பத்தூர்)

டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. பேப்பர் ஃபில்டர் போடுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) வேண்டாம், காசு கொடுத்துக் கலந்த நானோவையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும்.