எட்டாம் எட்வர்டின் காதலைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பதில் எது கடினம்?

முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் முதல் தலைவலி. 1936 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசரான எட்வர்ட், ஒருமுறை மணவிலக்குப் பெற்று அப்போது இரண்டாவது கணவருக்கு மனைவியாக இருந்த அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனுக்காக அதே டிசம்பரில் முடி துறந்தார். ஆகவே ‘என்ன ஆகும்’ என்று இழுக்க முடியாது. ‘யாருக்கு எப்போது தெரிந்தது’ என்பதில்தான் விறுவிறுப்பு. அதற்கு வரலாறே கைகொடுக்கிறது. அமெரிக்கப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதித் தள்ளின. பிரிட்டிஷ் பத்திரிகைகளோ டிசம்பர் தொடக்கம் வரை வாயே திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தது வீட்டுக்குத் தெரியாத கதை!

சரி, வசனம்? பிரதமர் பால்ட்வின் அரசரோடு பேசியதை அவரே நாடாளுமன்றத்தில் விவரித்தார். காதலர் இருவரும் தனியே பேசியதை எழுத்தாளர்தான் ஊகிக்க வேண்டும். பலர் அங்கேதான் சறுக்கித் தேனாகக் கொட்டிவிடுகிறார்கள். கூச்சமும் உண்டு: 1978இல் இதே கதையை வைத்து, நடிகர் எட்வர்ட் ஃபாக்ஸ் அரசராக நடித்த ஏழு பகுதித் தொடர் ஒளிபரப்பானபோது வாலிஸ் பாரிஸில் உயிரோடு இருந்தார்.

அப்புறம், முடி துறந்ததைப் பற்றி எட்வர்டே மக்களிடம் பேசிய டிசம்பர் 11 வானொலி உரை. அதன் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. நடிகர் அந்த அசல் குரலோடு மல்லுக்கட்ட வேண்டும்.