பல்லடத்துத் தங்கச்சிக்கு: வட்டி, ராத்திரி ஷிஃப்ட், படிப்பு

நீ எழுதியதை நிதானமாகப் படித்தேன், அம்மணி. அப்பாவுக்குப் பல்லடம் பக்கத்தில் தறி, கூலிக்கு ஓடுகிறது. நீ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு ஏறும் வரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசராக இருந்துவிட்டு, தோட்டத்துப் பத்திரத்தை அரசு வங்கியில் வைத்து 18 லட்சம் கடன் வாங்கி, டெக்ஸ்டைல் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக் வந்திருக்கிறாய். தம்பி கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வட்டி மாதம் 15,000 ரூபாய் பக்கம் ஏறுகிறது. அதை நீயே அனுப்பிவிட வேண்டும் என்று பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் சேரலாமா, சேர்ந்தால் படிப்பு தாங்குமா, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களே அதற்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய்.

முதல் இரண்டு செமஸ்டருக்கு ஊருக்குப் பணம் அனுப்பாதே. ராத்திரி ஷிஃப்ட்டும் வேண்டாம். இதுதான் என் பதில். காரணத்தையும் விரிவாகவே எழுதுகிறேன். உன் அப்பாவிடம் இதைச் சொல்லப் போவது நீதான், அப்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுப் பூட்டி வைத்த உன் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் 992 யூரோ விடுகிறார்கள் இல்லையா, அது யார் பணம்? நீ வாங்கிய கடன்தான். அதிலிருந்து 150 யூரோ எடுத்து ஊருக்கு அனுப்பினால், கடன் வாங்கிய பணத்தில் கடனுக்கு வட்டி கட்டுகிறாய் என்றுதான் அர்த்தம். வீட்டில் ஒரு நிம்மதி வரும், கணக்கில் ஒன்றும் குறையாது.

சரி, வேலை செய்தே அனுப்புகிறேன் என்றால் அதையும் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரியிலிருந்து இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,200 யூரோ சுமாராக வரும். வெர்க்ஸ்டுடென்ட், அதாவது படித்துக்கொண்டே வேலை பார்க்கும் மாணவர் முறையில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம் பிடிப்பார்கள். மீதி 1,090 பக்கம் கைக்கு வரும். அறை வாடகை, மாணவர் மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, செமஸ்டர் கட்டணம், போன் என்று போனால் 900, 950ஐத் தொட்டுவிடும். ஆக, வாரம் முழுக்க உன்னைக் கொடுத்த பிறகும் மாதம் 140, 190 யூரோதான் மிஞ்சும். அந்தப் பணத்துக்காகத்தான் ராத்திரி பத்து மணிக்குக் கிடங்குக்குப் போய், விடியக்காலையில் திரும்பி, எட்டு மணி வகுப்பில் உட்காரப் போகிறாய்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அதற்கு முன்னால் 120, 240 என்று இருந்தது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால், அந்த வாரத்தை இரண்டரை நாள் என்று கணக்கெடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவர் உதவியாளராக வேலை கிடைத்தால் இந்த 140 நாள் கணக்கில் அது சேராது. லேப் உதவி, ஆய்வுக்குத் துணை மாதிரியான வேலைகள் அவை. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் பேராசிரியருக்கு உன் முகம் தெரியும், மெஷினில் கை வைக்கலாம், பரீட்சை வாரத்தில் நேரத்தை மாற்றிக் கேட்டால் கொடுப்பார்கள். முதல் செமஸ்டரிலேயே துறையின் அறிவிப்புப் பலகையைப் பார்க்க ஆரம்பித்துவிடு.

பரீட்சை விஷயத்தில் நம் ஊர் பழக்கம் இங்கே உதவாது. அரியர் வைத்து அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது நம் கல்லூரிகளில் நடக்கும். இங்கே பெரும்பாலான படிப்புகளில் ஒரு கட்டாயப் பாடத்தை மூன்று தடவைதான் எழுத முடியும். மூன்றாவதும் போனால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்திலும் தொடர முடியாது. படிப்புக்காக இங்கே தங்கக் கொடுத்த பர்மிட்டும் அதோடு ஆட்டம் காணும். ராத்திரி ஷிஃப்ட்டில் சிக்கிய நல்ல நல்ல பிள்ளைகள், அறிவில் குறைவில்லாத பிள்ளைகள், இந்த இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றை ஊரில் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பர்மிட் புதுப்பிக்கும்போது, அடுத்த வருஷம் எப்படிச் சாப்பிடுவாய் என்று வெளிநாட்டவர் அலுவலகம் மறுபடியும் கேட்கும். கணக்கில் பணம், இல்லையென்றால் நிலையான வருமானத்துக்கு வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு என்று ஏதாவது காட்ட வேண்டும். இருந்ததையெல்லாம் வட்டிக்கு அனுப்பியவர்கள், அந்த நேரத்தில் ஊரிலிருந்தே கைமாற்று வாங்கி வரவழைக்கிறார்கள். அப்பா தனியார் வட்டிக்கு ஓட வேண்டிய நிலை அப்போதுதான் வரும். வங்கி வட்டியைவிட அது எத்தனை மடங்கு என்று தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வங்கிக்குப் போய் அப்பாவை நேரில் கேட்கச் சொல். அரசு வங்கிகளின் கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்டத் தேவையில்லை. அதுவரை தனிவட்டிதான் சேரும். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் 1 சதவீதம் வரை குறைப்பதும் உண்டு. அந்தச் சலுகை நல்லதுதான். அப்பாவால் தறி வருமானத்தில் அவ்வப்போது கொஞ்சம் கட்ட முடிந்தால் கட்டட்டும். முடியாத மாதம் விட்டுவிடட்டும். உன் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம், அதன் நகலை போட்டோ எடுத்து நீயும் வைத்துக்கொள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். கடிதத்தில் நீ உன் வேலையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய், 'சும்மா மெர்ச்சன்டைசர்தான் அக்கா' என்று. அம்மணி, நான் கிரேஃபெல்டில் துணி தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவள். சொல்கிறேன் கேள். இந்த ஊர்க் கம்பெனிகள் திருப்பூரிலும் டாக்காவிலும் வாங்குகிறார்கள், ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பது இங்கே மேஜையில் இருப்பவர்களுக்குத் தாளில் மட்டும்தான் தெரியும். நிட்டிங் ஒருத்தரிடம், சாயம் இன்னொருத்தரிடம், காம்பாக்டிங் வேறு இடம், பிரின்டிங் வேறு இடம், தையலில் பாதி ஜாப் ஒர்க் என்று ஒரு டி-ஷர்ட் எத்தனை கூரைக்குக் கீழே போய் வருகிறது என்று உனக்குத் தெரியும். லேப் டிப்பில், அதாவது சின்னத் துண்டில் சாயம் போட்டுப் பார்த்த மாதிரியில் ஓகே ஆன ஷேட் மொத்தச் சரக்கில் ஏன் மாறுகிறது, துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் ஏன் குறைகிறது, நோம்பி லீவுக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் டெலிவரி எத்தனை நாள் தள்ளும் என்பதெல்லாம் நீ போனில் அழாத குறையாகக் கற்றுக்கொண்டது. அது இங்கே எந்த வகுப்பிலும் கிடைக்காது.

அதற்கு இப்போது தேவையும் இருக்கிறது. ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 2024 முதல் 1,000 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு. சரக்கு வரும் இடத்தில் தொழிலாளி நிலைமை, சாயத் தண்ணீர், குழந்தைத் தொழிலாளர் எல்லாவற்றுக்கும் இங்கே வாங்குகிறவர் கவனம் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதைத் தளர்த்தும் பேச்சும் நடக்கத்தான் செய்கிறது, ஆனாலும் பையர்கள் கேள்வி கேட்பதை நிறுத்தப் போவதில்லை. நொய்யல் ஆறு என்ன கதிக்கு ஆளானது, 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு எப்படி மாறினார்கள், அதற்கு என்ன செலவாகிறது என்பதை விளக்கத் தெரிந்த ஒரு பெண் எதிரே உட்கார்ந்தால், நான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்பேன். என்னை மாதிரி பலர் கேட்பார்கள்.

நீ வந்திருக்கும் ஊரும் பொருத்தமான ஊர்தான். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் சொல்வதுபோல, மோன்ஷன்கிளாட்பாக்கை ரைன்லாந்தின் மான்செஸ்டர் என்று அழைத்தார்கள். ஆலைகள் பெரும்பாலும் போய்விட்டன. படிப்பும், சோதனைக் கூடங்களும், வாங்கி விற்கும் அலுவலகங்களும் மிச்சம் இருக்கின்றன. மூன்றாவது செமஸ்டருக்குள் அப்படி ஒரு இடத்தில் வெர்க்ஸ்டுடென்டாக நுழைந்துவிட்டால், தீசிஸும் அங்கேயே எழுதலாம், வேலையும் பெரும்பாலும் அங்கேயே ஆரம்பிக்கும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை பர்மிட் தருகிறார்கள், அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். கடனை நீ உண்மையாகவே அடைக்கப் போவது அதற்குப் பிறகு வரும் முழுச் சம்பளத்தில்தான். அந்தச் சம்பளம் ஆறு மாதம் முன்னதாக வந்தால், பார்சல் கிடங்கில் இரண்டு வருஷம் மிச்சம் பிடிப்பதைவிட அது பெரிய பணம்.

குறுக்கே நிற்பது ஜெர்மன் மொழி. உன் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், ஆனால் இந்த வட்டாரத்து நடுத்தரக் கம்பெனிகளில் மதியச் சாப்பாட்டு மேஜையும் மீட்டிங்கும் ஜெர்மனில்தான். பி1 எனும் நடுத்தர அளவு ஜெர்மன் இல்லாமல் வரும் விண்ணப்பத்தைப் பல இடங்களில் அடுத்த கட்டத்துக்கே எடுப்பதில்லை. கிடங்குக்குக் கொடுக்க நினைத்த அந்த மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடு. பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் வகுப்பு மலிவு. செலவுக்குக் கொஞ்சம் பணம் வேண்டும் என்றால் சனிக்கிழமை பேக்கரியிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ பகல் வேலை பார். வாடிக்கையாளரோடு பேசப் பேச மொழி வந்துவிடும். மாதம் 603 யூரோவுக்குள் என்றால் மினிஜாப் என்பார்கள், நிபந்தனைகள் எளிது.

அப்பாவிடம் பேசுவதைப் பற்றி. 'எல்லாம் நல்லா இருக்குதுங்கப்பா' என்று மட்டும் சொல்லிப் போனை வைக்காதே. நம் பக்கத்து அப்பாக்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். பிள்ளை கஷ்டப்படுகிறாளோ, ஏமாற்றுகிறாளோ என்று மனசுக்குள்ளேயே உழன்றுகொண்டிருப்பார்கள். நூல் விலையும் கூலியும் ஒத்துவராமல் தறியை நிறுத்திப் போராடிய காலத்தையெல்லாம் கடந்து வந்தவர் உன் அப்பா. வரவு செலவு அவருக்குப் புரியாத விஷயமே இல்லை. மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுது, வாட்ஸப்பில் அனுப்பு, அடுத்த நாள் பேசு. 'இந்த ரெண்டு செமஸ்டர் அனுப்ப மாட்டேனுங்கப்பா, அப்புறம் இந்தத் தேதியிலிருந்து இவ்வளவு அனுப்புவேன்' என்று தேதியோடு சொல். தேதி சொன்னால் அவர் தாங்குவார். தம்பியையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள், கடன் வீட்டுக் கடன் என்று அவனுக்கும் தெரியட்டும். இங்கே குளிர்காலத்தில் நேரம் நாலரை மணி பின்தங்கி இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டால் அங்கே எட்டரை, அம்மா சோறாக்கி முடித்திருப்பார்.

மாப்பிள்ளை விஷயத்தில் உன்னிடம் ஒன்றைக் கேட்கிறேன்: உனக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பம் இல்லையா, இல்லை யாரை என்பதில்தான் தயக்கமா? நீ எழுதியதில் அது தெளிவாக இல்லை. இரண்டும் வேறு வேறு பேச்சு. இப்போது வேண்டாம் என்றால், 'படிப்பு முடியட்டும்' என்று பொதுவாகச் சொல்லாதே, அதை ஒரம்பரைகள் 'சரி, நிச்சயம் மட்டும் பண்ணி வெச்சுக்கலாம்' என்று வளைத்துவிடுவார்கள். தீசிஸ் கொடுக்கும் மாதத்தைச் சொல், அதுவரை ஜாதகத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் நேராகக் கேள். அம்மா உன் பக்கம் நின்றால் அப்பாவை அவரே பார்த்துக்கொள்வார். இங்கே வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்று யாராவது வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். ஒரே நாட்டில் இருக்கிறீர்கள், நேரில் பார்த்துப் பேசிவிட்டு நீ முடிவு செய்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதே. ஈழத் தமிழர்களின் கடைகள் இந்த மாநிலத்தில் பல ஊர்களில் இருக்கின்றன. கறிவேப்பிலை, கொள்ளு, துவரம்பருப்பு எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் எல்லாக் கடையும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடு. ஒரு குக்கர் அரிசிம்பருப்பு இரண்டு வேளைக்கு ஆகும். மனசு சோர்ந்தால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் வா, 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில், இதே மாநிலம்தான். நான் கோபிக்காரி, பாரியூர் நோம்பிக்கு ஊருக்குப் போக முடியாத வருஷங்களில் அங்கேதான் போவேன்.

இந்த வாரம் இரண்டு வேலை செய். பர்மிட் கார்டில் முடியும் தேதி என்ன என்று பார், புதுப்பிக்க நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் அலுவலகங்கள் இருக்கின்றன, அதனால் முடிவதற்கு மூன்று, நான்கு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடு. அப்புறம் உன் விவரத்தாளை எனக்கு அனுப்பு. திருப்பூர் வேலையை ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதைப் பிரித்து எழுது: எந்த நாட்டு பையர், என்ன சரக்கு, எத்தனை ஆர்டரை ஒரே நேரத்தில் பார்த்தாய், எந்த இடத்தில் சரக்கு நின்றது, எப்படி ஏற்றிவிட்டாய். ஜெர்மனில் எழுதத் தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதி அனுப்பு, உட்கார்ந்து சேர்ந்து மாற்றிவிடலாம்.